தோட்டத் திடலில் ஃபோம் விமானம்: புதியவர் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் வழி

பெட்டியைத் திறந்த அன்றே பறக்கவிட வேண்டாம். ஃபோமில் செய்த ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தை வாங்கியவருக்கு மறுநாள் காலையே திடலுக்கு ஓட வேண்டும் என்றுதான் இருக்கும். ஆனால் கடையிலிருந்து வரும் விமானங்களில் பல, பழகியவர் கையில் விறுவிறுப்பாகப் பறப்பதற்காக அமைக்கப்பட்டவை. கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரின் குச்சியைச் சற்றுத் தொட்டாலே புரளும். வேகம் குறைந்தால் ஒரு பக்கமாகச் சரியும். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் நமக்குக் கிடைப்பது ஒரு பந்துத் திடல்தான். ஒரு பக்கம் லயத்து வீடுகள், மற்ற மூன்று பக்கமும் செம்பனை. தவறைத் திருத்திக்கொள்ள அங்கே அதிக இடம் இல்லை.

புதியவருக்கு வேண்டியது நேரம். விமானம் மெதுவாகப் பறந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். குச்சியை விட்டவுடன் தானே நிமிர்ந்துகொண்டால் பதறாமல் இருக்க நேரம் கிடைக்கும். கீழே சொல்லும் மாற்றங்கள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை மாலையும், கூர்மையான கத்தியும், அவசரப்படாத கையும் போதும்.

விளக்கத்துக்காக ஒரு விமானத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். இறக்கை முனைக்கு முனை 100 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம். பேட்டரியோடு எடை 700 கிராம். இறக்கை உடலின் மேலே உட்கார்ந்திருக்கிறது, மோட்டார் மூக்கில் இருக்கிறது. உங்களுடையது வேறு அளவாக இருந்தால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான்.

கையில் என்ன வேண்டும்

முதலில் ஃபோம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மீன் பெட்டியிலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் வரும் வெள்ளைப் போலிஸ்டிரீனை இபிஎஸ் என்பார்கள். அது எளிதில் உடையும். இபிபி ரப்பர்போல் வளைந்து மீளும். இன்றைய கடை விமானங்களில் அதிகம் இருப்பது இபிஓ. அது இரண்டுக்கும் நடுவே, ஓரளவு கெட்டியாகவும் ஓரளவு நெகிழ்வாகவும் இருக்கும். பசை வாங்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். சாதாரண சூப்பர் குளூ இபிஎஸ்ஸைக் கரைத்துத் தின்றுவிடும், இபிஓவை ஒன்றும் செய்யாது. எந்த ஃபோம் என்று சந்தேகமாக இருந்தால், வெளியே தெரியாத உட்பகுதியில் ஒரு சொட்டு வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபோக்ஸி எல்லா ஃபோமுக்கும் ஒத்துவரும். எடை கூடும் என்பதால், வலு வேண்டிய இடத்தில் மட்டும் பூசுங்கள்.

இவற்றோடு கத்தி, இரும்பு அடிக்கோல், உப்புத்தாள், கண்ணாடி நார் கலந்த ஒட்டுநாடா, 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டு, சாத்தே குச்சிகள் ஒரு கட்டு ஆகியவற்றை எடுத்துவையுங்கள். சாத்தே குச்சி சாதாரணப் பொருளாகத் தோன்றும். ஆனால் மூங்கிலின் வலு எடைக்கு எடை வியப்பானது. வால் ஆடுகிறது, மூக்கு விரிசல் விட்டது என்றால், ஒரு குச்சியை நீளவாக்கில் செருகிப் பசையிட்டால் போதும். கார்பன் கம்பி அஞ்சலில் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் வேலை செய்யும்போது விமானத்தின் விசிறியை (புரொப்பெல்லரை) கழற்றி வைத்துவிடுங்கள். மோட்டாரோடு விசிறி மாட்டியிருக்கும்போது மேசைமேல் பேட்டரியை இணைக்கவே கூடாது. பிள்ளைகள் சுற்றி நிற்கும் வீட்டில் இந்த ஒரு விதிக்கு விலக்கே கிடையாது.

எடையைக் குறையுங்கள், பிறகு சமநிலையைப் பாருங்கள்

விமானத்தைச் சமையலறைத் தராசில் வையுங்கள். எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால், ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் எத்தனை கிராம் சுமக்கிறது என்பது தெரியும். நம் எடுத்துக்காட்டில் இறக்கையின் பரப்பு 18 சதுர டெசிமீட்டர். 700 கிராமை 18-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 39. இந்த அளவு விமானத்தில் 35-க்குக் கீழே வந்தால் புதியவருக்கு நல்லது. 30-ஐ நெருங்கினால் இன்னும் நல்லது.

எடையைக் குறைக்கச் சிறந்த இடம் பேட்டரி. மூன்று செல், 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி 180 கிராமுக்கு மேல் இருக்கும். அதே மூன்று செல்லில் 1300 வாங்கினால் 110 முதல் 120 கிராம்தான். பறக்கும் நேரம் குறையும். குறையட்டும். கற்றுக்கொள்பவரின் கவனம் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. சிறிய பேட்டரிகள் இரண்டை வைத்துக்கொண்டு, இடையில் உட்கார்ந்து நடந்ததைப் பேசிக்கொள்வதே நல்ல பழக்கம். விமானியின் பொம்மை, இறக்கையில் தொங்கும் பிளாஸ்டிக் ஏவுகணைகள், கனமான பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

சில கிராம்களுக்காக இவ்வளவு பாடா என்று கேட்கலாம். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், விமானம் விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் இருபதில் ஒரு பங்கு குறைகிறது. கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் தரையில் மோதும்போது எடையும் குறைவு, வேகமும் குறைவு. இரண்டும் சேர்ந்து மோதலின் ஆற்றல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. முறிய வேண்டிய மூக்கு, நசுங்குவதோடு தப்பிப்பது இப்படித்தான்.

அடுத்தது ஈர்ப்பு மையம், அதாவது விமானம் முன்னும் பின்னும் சாயாமல் சமமாக நிற்கும் இடம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதற்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். பேட்டரியை உள்ளே வைத்து, மூடியை மூடி, பறக்கும் நிலையில் விமானத்தைத் தயார் செய்யுங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி, அகலத்தில் கால்பங்கு தொலைவில் அடிப்பக்கத்தில் ஒரு கோடு. முப்பது விழுக்காடு தொலைவில் இன்னொரு கோடு, ஈர்ப்பு மையம் இதற்குப் பின்னே போகக் கூடாது. 18 சென்டிமீட்டர் இறக்கைக்கு இவை 4.5, 5.4 சென்டிமீட்டரில் வரும். முன்கோட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் வைத்து விமானத்தைத் தூக்குங்கள். அது மட்டமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு சிறிது தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள். வால் கனத்த விமானம், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரின் சிறு அசைவுக்கும் துள்ளும், நீங்கள் திருத்துவதற்குள் மறுபக்கம் துள்ளும். அதை அடக்க அனுபவசாலியே திணறுவார். மூக்கு கனத்தது சோம்பலாகப் பறக்கும், தரையிறங்கும்போது சற்று வேகமாக வரும். கற்றுக்கொள்பவருக்கு அது தாங்கக்கூடிய குறை.

சமநிலைக்காக ஈயத்தைச் சேர்க்க அவசரப்படாதீர்கள். முதலில் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். இடம் போதாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபோமைக் கத்தியால் சீவிப் பேட்டரிக்கு வழி செய்யுங்கள். அதுவும் போதாதென்றால்தான் மூக்கில் சில கிராம். சரியான இடம் கிடைத்ததும் பேட்டரி நிற்கும் இடத்தைப் பேனாவால் உள்ளே குறித்துவையுங்கள். வெல்க்ரோ பட்டையால் இறுகக் கட்டுங்கள். பறக்கும்போது பேட்டரி பின்னால் நழுவினால், செய்த வேலை எல்லாம் வீண்.

மடல்களின் அசைவு

இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்கள் ஏலெரான்கள், புரளச் செய்பவை. வாலின் படுக்கைப் பகுதியில் எலிவேட்டர், மூக்கை ஏற்றி இறக்குவது. செங்குத்து வாலில் ரட்டர், மூக்கைப் பக்கவாட்டில் திருப்புவது. இவற்றை அசைக்கும் சிறு பெட்டிதான் சர்வோ. சர்வோவின் கையிலிருந்து ஒரு கம்பி மடலில் பதித்த கொம்புக்குப் போகும்.

அந்தக் கையிலும் கொம்பிலும் வரிசையாகத் துளைகள் இருக்கும். கம்பியை சர்வோவின் கையில் அச்சுக்கு நெருக்கமான துளைக்கு மாற்றினால் மடலின் அசைவு குறையும். கொம்பில் மடலுக்கு எட்டத் தள்ளி, மேல் துளைக்கு மாற்றினாலும் குறையும். டிரான்ஸ்மிட்டரிலேயே விழுக்காட்டைக் குறைத்துக்கொள்ளலாமே என்று நினைக்கலாம். முதலில் கம்பியை மாற்றுங்கள், மீதியை டிரான்ஸ்மிட்டரில் வையுங்கள். கம்பியால் குறைத்தால் சர்வோவின் முழு வலுவும் துல்லியமும் மடலுக்குக் கிடைக்கும், இணைப்பில் இருக்கும் தளர்வும் சிறிதாகும். ஒரு மீட்டர் விமானத்துக்கு ஏலெரான் மேலும் கீழும் 8 முதல் 10 மில்லிமீட்டர், எலிவேட்டர் 8, ரட்டர் 15 முதல் 20 என்று தொடங்கலாம். டிரான்ஸ்மிட்டரில் எக்ஸ்போ வசதி இருந்தால் ஏலெரானுக்கும் எலிவேட்டருக்கும் 30 விழுக்காடு வையுங்கள். குச்சியின் நடுப்பகுதி அப்போது மென்மையாகும். சில டிரான்ஸ்மிட்டர்களில் மென்மைக்கு எதிர்க்குறி வேண்டும். குச்சியைச் சிறிது அசைத்து, மடல் குறைவாக அசைகிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இரண்டு ஏலெரான்களுக்கும் தனித்தனி சர்வோ இருந்தால் இன்னொரு நல்ல காரியம் செய்யலாம். குச்சி நடுவில் இருக்கும்போதே இரண்டின் பின்விளிம்பும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி அமையுங்கள். வேகம் குறையும்போது இறக்கை முனை முதலில் தூக்குதிறனை இழப்பதால்தான் விமானம் ஒரு பக்கமாகச் சட்டென்று சரிகிறது. மடல்கள் சற்று மேலே நின்றால் முனைகள் தாமதித்து இழக்கும், மூக்கு நேராகத் தாழ்ந்து தானே வேகம் பிடிக்கும். போர்விமான வடிவம் வாங்கிவிட்டவர்களுக்கு இது பெரிய உதவி.

இறக்கை முனைகளை உயர்த்துதல்

இது வெட்டி ஒட்டும் வேலை, ஆனால் விமானத்தின் குணத்தையே மாற்றுவது இதுதான். முன்னாலிருந்து பார்த்தால் இறக்கை ஒரு விரிந்த 'வி' வடிவில் இருக்க வேண்டும். விமானம் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கமாகச் சிறிது சறுக்கும். சறுக்கும்போது தாழ்ந்த இறக்கைக்குக் காற்று அதிகக் கோணத்தில் படும், அதன் தூக்குதிறன் கூடும், விமானம் தானே நிமிரும். மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் ஈஸி ஸ்டார் பலருக்கு முதல் விமானமாக அமைந்ததற்கு இந்த வடிவமும், விழுந்தாலும் அடிபடாமல் முதுகில் பின்னோக்கி வைத்த மோட்டாரும் முக்கியக் காரணங்கள். முதலில் வந்த ஈஸி ஸ்டாரில் ஏலெரானே கிடையாது. ரட்டரால் திரும்பும், இறக்கையின் வடிவம் அதைச் சாய்த்துக்கொடுக்கும்.

உங்கள் இறக்கை ஒரே துண்டாக, உடலின் மேல் ரப்பர் பட்டையாலோ திருகாலோ நிற்கிறதா? அப்படியானால் தொடரலாம். உடலுக்குள் ஊடுருவும் கார்பன் குழாயில் இருபுறமும் செருகும் வகை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். நேரான குழாயோடு மல்லுக்கட்டி இறக்கையைப் பலவீனமாக்குவது புதியவருக்கு ஏற்ற வேலை அல்ல. சமநிலையும் குறைந்த அசைவுமே அந்த விமானத்தைப் போதுமான அளவு பழக்கிவிடும்.

ஏலெரானை வைத்துக்கொள்வதானால் பக்கத்துக்கு 3 அல்லது 4 டிகிரி போதும். ஏலெரானை ஒட்டுநாடாவால் பூட்டி, ரட்டர், எலிவேட்டர், மோட்டார் ஆகிய மூன்றால் மட்டும் பறக்கப் போகிறீர்கள் என்றால் 5 முதல் 8 டிகிரி வேண்டும். அப்போது ரட்டரின் வயரை, விமானத்துக்குள் டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை வாங்கும் ரிசீவரில் ஏலெரானுக்குரிய இடத்தில் செருகுங்கள். வலக்கைக் குச்சியாலேயே திரும்பப் பழகலாம். பின்னாளில் ஏலெரான் விமானத்துக்கு மாறும்போது கை மாறாது. 4 டிகிரிக்கான கணக்கைச் சொல்கிறேன்.

இறக்கையைக் கழற்றி நடுக்கோட்டை மேற்பக்கம் வரையுங்கள். இறக்கையின் தடிமன் அங்கே 2 சென்டிமீட்டர் என்றால், அந்தக் கோட்டை நடுவாக வைத்து மேலே 3 மில்லிமீட்டர் அகலம், கீழே போகப்போகக் குறுகி அடித்தோலில் முடியும் ஒரு பள்ளத்தை வெட்டியெடுங்கள். அடித்தோலை வெட்டாதீர்கள், அதுதான் கீல். சர்வோ வயர்கள் நடுவில் போகும் இடத்தை முன்பே பார்த்துவையுங்கள். இறக்கைக்குள் வலுவுக்காக வைத்த கார்பன் பட்டை நடுவைக் கடந்து போனால் அதைச் சிறு வாளால் அறுக்க வேண்டியிருக்கும். அறுத்ததற்கு ஈடு அடுத்த படியில் வருகிறது. பள்ளத்தை மூடி, இறக்கையின் ஒரு பாதியை மேசைமேல் படிய வைத்தால் மறுமுனை மேசையிலிருந்து 7 சென்டிமீட்டர் உயர வேண்டும். அதற்குச் சமமான புத்தக அடுக்கை முனைக்குக் கீழே வைத்துவிடுங்கள்.

ஒட்டுப்பலகையில் 16 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அறுங்கள். நடுவிலிருந்து இரண்டு முனைகளும் ஐந்தரை மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும்படி, இறக்கையின் புதிய வளைவை ஒத்திருக்க வேண்டும். உயரம் இறக்கையின் தடிமனைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். இறக்கையின் மிகத் தடித்த பகுதியில், கார்பன் பட்டைக்கு அருகே, அடிப்பக்கத்திலிருந்து அதற்கான காடியை வெட்டிப் பலகையை எபோக்ஸியில் தோய்த்துச் செருகுங்கள். மேலே உள்ள பள்ளத்துக்கும் எபோக்ஸி. புத்தக அடுக்கோடு அப்படியே ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஐந்து நிமிட எபோக்ஸி என்று எழுதியிருந்தாலும் முழு வலுவுக்கு அது கூடுதல் நேரம் எடுக்கும்.

மறுநாள் காலை, நடுவின் அடிப்பக்கத்தில் நார் ஒட்டுநாடாவை இறக்கையின் நீளவாக்கில் இரண்டு வரிசை ஒட்டுங்கள். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைய முயலும், அடிப்பக்கம் இழுபடும். இழுவிசையைத் தாங்குவது நாரின் வேலை. மேற்பக்கம் ஒரு வரிசை போதும். பிறகு இறக்கையின் இரு முனைகளையும் பிடித்து, முழு விமானத்தின் எடையும் தொங்கும்படி தூக்கிப் பாருங்கள். நடுவில் முறுமுறுப்போ விரிசலோ இருந்தால் மீண்டும் பசை.

இறக்கையின் அடி இப்போது மட்டமாக இராது. உடலின் மேல் வைத்தால் நடு மட்டும் தொட்டு இருபுறமும் ஆடும். உடலின் இரு ஓரங்களிலும் 2 மில்லிமீட்டர் ஃபோம் பட்டை ஒட்டிச் சரிசெய்யுங்கள். கடைசியாக விமானத்தின் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே அளவு முறுக்கில்லாமல் இருக்க வேண்டும். ஒரு பின்விளிம்பு மற்றதைவிடத் தாழ்ந்து தெரிந்தால் விமானம் என்றும் ஒரு பக்கமே இழுக்கும். இபிஓவாக இருந்தால் வெந்நீர்த் துணி ஒத்தி, எதிர்ப்பக்கம் மெல்ல முறுக்கி, ஆறும்வரை பிடித்திருந்தால் சரியாகும். நசுங்கிய மூக்குக்கும் இதே வைத்தியம்தான், கொதிநீர் பட்டால் குழிகள் உப்பி எழும்.

கடை விமானம் வாங்காமல் ஃபோம் தாளில் தானே வெட்டிச் செய்பவர்களுக்கு ஒரு சொல். தட்டையான இறக்கையின் மேற்பக்கம், முன்பாதியில் மட்டும் இன்னொரு அடுக்குத் தாள் ஒட்டுங்கள். நடுவில் ஒரு படி விழும். காகித விமானத்திலிருந்து பிறந்த இந்தப் படி வடிவத்துக்கு ரிச்சர்ட் கிளைன், ஃபிளாய்ட் ஃபோகல்மன் இருவரும் 1972-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். மெதுவாகப் பறக்கும் சிறு ஃபோம் விமானங்களில் இது வேகம் குறையும்போது வரும் சரிவை மென்மையாக்குகிறது. இறக்கையும் கெட்டிப்படும்.

மோட்டாரின் கோணம்

மோட்டாரை நிறுத்தினால் நன்றாக மிதக்கிறது, திறந்தவுடன் மூக்கைத் தூக்குகிறது என்றால் குறை மோட்டார் கோணத்தில். மோட்டார் தாங்கியின் மேல் இரண்டு திருகுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு வாஷர் போடுங்கள், மோட்டார் கீழ்நோக்கிச் சாயும். திறக்கும்போது இடப்பக்கம் இழுத்தால், பின்னாலிருந்து பார்க்கையில் இடப்பக்கமுள்ள திருகுகளுக்கு வாஷர், மோட்டார் வலப்பக்கம் திரும்பும். திருகுகள் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் 1 மில்லிமீட்டர் வாஷர் 2 டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சாய்க்கும். பெரும்பாலும் அதுவே போதும். முதுகில் மோட்டார் உள்ள வகையில் நேர்மாறாக, திறந்தால் மூக்கு தாழும். அங்கே மோட்டாரைத் தொடாமல், டிரான்ஸ்மிட்டரில் மோட்டாரோடு எலிவேட்டரைச் சிறிது மேலே கலந்துவிடுங்கள்.

சக்கரம், வயிறு, நிறம்

தோட்டத் திடலின் புல்லில் சிறு சக்கரங்கள் சிக்கி மூக்குக் குப்புற விழும். சக்கரங்களைக் கழற்றுங்கள். கையால் எறிந்து ஏற்றி, வயிற்றால் புல்லில் இறக்குவதே இங்கே வசதி. வயிற்றில் நார் ஒட்டுநாடா ஒட்டிவிட்டால் தேயாது. மூக்கு மோட்டார் உள்ளவர்கள் ரப்பர் வளையத்தால் விசிறியைப் பிடிக்கும் தாங்கியை வாங்கிக்கொள்ளுங்கள். மோதும்போது விசிறி விலகிக்கொடுக்கும், மோட்டார் அச்சு வளையாது.

வெள்ளை விமானத்தை அப்படியே விடாதீர்கள். நம் வானம் பல நாள் வெண்மையாகத்தான் இருக்கும். புகைமூட்டக் காலத்தில் கேட்கவே வேண்டாம். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் போவதுதான் புதியவர்கள் விமானத்தை இழக்க முக்கியக் காரணம். இறக்கையின் அடியில் அகலமான கறுப்புப் பட்டைகள், மேலே ஆரஞ்சு அல்லது சிவப்பு. ஒட்டுநாடாவே போதும், பெயின்ட் தேவையில்லை. கறுப்புப் பட்டை வெயிலில் சூடேறும் என்பதால் விமானத்தை நிழலில் வையுங்கள். நண்பகலில் பூட்டிய காருக்குள் ஃபோமையும் பேட்டரியையும் ஒருபோதும் விட்டுப் போகாதீர்கள். ஃபோம் முறுக்கிக்கொள்ளும், பேட்டரி உப்பும்.

கைரோ வாங்கலாமா

தானே மட்டப்படுத்தும் கைரோ பொருத்திய ரிசீவர்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. நல்ல கருவிதான். ஆனால் மேலே சொன்னவற்றை முடித்த பிறகு மாட்டுங்கள். வால் கனத்த விமானத்தைக் கைரோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் குறை உங்களுக்குத் தெரியாமலே இருக்கும். கைரோ அணைந்த நிமிடத்தில்தான் தெரியவரும். மாட்டியபின் கையில் பிடித்துச் சோதியுங்கள்: மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும், வல இறக்கையைத் தாழ்த்தினால் வல ஏலெரான் கீழே போக வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தாலும் விமானம் எறிந்த கணத்திலேயே தரையில் குத்தும்.

திடலில்

தோட்ட அலுவலகத்தில் முதலில் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். காவலருக்கும் ஒரு சொல் சொல்லிவையுங்கள். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டு வான்போக்குவரத்து விதிமுறைகள் ஆளில்லா வானூர்திகளுக்குத் தரையிலிருந்து 400 அடியை உயர எல்லையாக வைத்தன. விமான நிலையங்களை ஒட்டிய வான்பகுதிக்குத் தனி அனுமதி தேவை. ஈப்போ பக்கம் பறக்கவிட எண்ணுபவர்கள் சிவில் வான்போக்குவரத்து ஆணையத்தின் நடப்பு விதிகளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். புதியவருக்கு 400 அடி தேவையே இல்லை. இரண்டு தென்னை உயரம் போதும். லயத்து வீடுகள், பள்ளி, கோயில், மின்கம்பி இவற்றின் பக்கமே திருப்பாதீர்கள். பந்து விளையாடுபவர்கள் வந்துவிட்டால் திடல் அவர்களுடையது.

நேரம், விடிந்தது முதல் ஒன்பது மணிக்குள். வெயில் ஏறினால் தரைச்சூடு காற்றைக் கிளப்பும், மாலையில் இடிமழை வரும். லேசான காற்று இருந்தாலும் செம்பனை வரிசையைத் தாண்டி வரும் காற்று திடலின் ஓரத்தில் சுழன்று கீழே அமுக்கும். ஆகவே மரவரிசைக்கு அருகே தாழப் பறக்காதீர்கள், திடலின் நடுவை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொலைவுச் சோதனை. டிரான்ஸ்மிட்டரின் குறைந்த திறன் முறையில் முப்பது காலடி எடுத்து வைத்து நடந்து, மடல்கள் தடுமாறாமல் அசைகின்றனவா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்க வேண்டும்.

பிறகு மோட்டார் இல்லாமல் எறியுங்கள். புல் அடர்ந்த பகுதியில், காற்றுக்கு எதிராக, தோள் உயரத்திலிருந்து, இறக்கை மட்டமாக, மூக்கை மேலே தூக்காமல் நேராக. மெல்லச் சறுக்கிப் பதினைந்து இருபது மீட்டரில் வயிற்றால் அமர்ந்தால் நல்லது. மூக்கு உடனே குத்தினால் எலிவேட்டரைச் சிறிது மேலே சரிசெய்யுங்கள், அல்லது பேட்டரியைச் சில மில்லிமீட்டர் பின்னே நகர்த்துங்கள். எழும்பி, நின்று, பொத்தென விழுந்தால் பேட்டரி முன்னே போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. மூன்று முறை தொடர்ந்து நன்றாகச் சறுக்கிய பின்தான் மோட்டார்.

எறிய ஒருவர், குச்சியைப் பிடிக்க ஒருவர் என்று இருவராகப் போங்கள். முக்கால் பங்கு மோட்டார், உறுதியான எறி, உயரம் கிடைக்கும்வரை திருப்பவே வேண்டாம். ஐந்தாறு மாடி உயரத்துக்கு ஏறிய பிறகு மோட்டாரைப் பாதியாக்கிப் பெரிய வட்டங்கள் போடுங்கள். குழப்பம் வந்தால் மோட்டாரைக் குறைத்துக் குச்சிகளை விட்டுவிடுங்கள். நீங்கள் உயர்த்திய இறக்கை முனைகள் அதற்காகத்தான். உயரம் இருந்தால் விமானம் தானே நிமிரும், நீங்கள் மூச்சு விட்டுக்கொள்ளலாம். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், அது நிமிரும்.

செம்பனையில் மாட்டிக்கொண்டால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். மட்டை அடியில் முள், கீழே குவித்த காய்ந்த மட்டைகளில் பாம்பு இருக்கலாம். எலிகளைத் தேடி நாகம் வரும் இடம் அது. பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள், பூட்ஸ் போட்டுக்கொண்டு பெரியவர்கள் போங்கள். குலை அறுக்கும் நீண்ட கம்பு வைத்திருக்கும் அண்ணன்மாரிடம் கேட்டால் உதவுவார்கள். அரிவாளைக் கழற்றிவிட்டு வெறும் கம்பால் தட்டச் சொல்லுங்கள். ரிசீவரில் ஒரு சிறு ஒலிப்பானை மாட்டிவைத்தால் தேடும் வேலை பாதியாகும்.

வீடு திரும்பியதும் பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். 3.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அடுத்த முறை பறக்கும் நேரத்தைக் குறையுங்கள். மறு வாரம்வரை பறக்கவில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து, தீப்பற்றாத பெட்டியில் எடுத்துவையுங்கள். சார்ஜ் ஏறும்போது அருகில் யாராவது இருக்க வேண்டும்.

நினைத்த இடத்தில் தரையிறக்க வந்துவிட்டது, குழப்பம் வந்தாலும் கை நடுங்கவில்லை என்ற நிலைக்கு வந்தபின் மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறலாம். முதலில் கைரோவை அணையுங்கள். பிறகு எக்ஸ்போவைச் சற்றுக் குறைத்து, தள்ளுகம்பியை ஒரு துளை மட்டும் நகர்த்துங்கள். அதற்கும் பழகியபின் பேட்டரியை இரண்டு மில்லிமீட்டர் பின்னே. ஏலெரானைப் பூட்டியவர்கள் அதை அவிழ்த்து, இறக்கை முனைகளை உயர்ந்தபடியே விட்டு ஒரு மாதம் பறக்கலாம். மட்டமான இறக்கை வேண்டுமென்றால் அதை இரண்டாவது விமானத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முதல் விமானம், அடுத்து உங்களிடம் கற்க வரும் தம்பி தங்கைகளுக்கு அப்படியே பயன்படும்.